கலமும் நிலமும்

பொருளதிகாரம் கற்கத் தொடங்கும் மாணாக்கன் முதலிற் கேட்கும் செய்தி ஒன்றுண்டு. வாழ்வைப் பாடும் செய்யுளுக்கு முதற்பொருளாவன நிலமும் பொழுதும் என்பதே அச்செய்தி. தலைவனும் தலைவியும், காதலும் பிரிவும், பூவும் பறவையும் அவற்றின் பின்னரே வருவன. ஒருவர் யார் என்று கேட்பதற்கு முன், அவர் எந்த நிலத்தில் நிற்கின்றார், எந்தப் பொழுதில் நிற்கின்றார் என்று கேட்டறிக என்பது தொல்காப்பியர் நமக்கு இட்ட கட்டளை. ஆண்டுதோறும் இதனை வகுப்பிற் சொல்லி வருகின்றேன். சொல்லுந்தோறும் இது செய்யுளுக்கு மாத்திரம் உரிய விதியோ, உயிர்கள் யாவற்றுக்கும் உரிய விதியோ என்று ஓர் ஐயம் எழுவதுண்டு.

அண்மைக்காலத்து உயிரியல் அறிஞர் சிலர் நடத்திய பரிசோதனைகள், இந்த ஐயத்துக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு விடையைத் தருகின்றன. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மனிதனன்று. மனித உடலின் மிகச் சிறிய உயிர்க்கூறாகிய கலம். அவர்கள் கேட்ட கேள்வியோ நம் இலக்கண ஆசிரியர் கேட்ட கேள்வியே. கலம் எந்த நிலத்தில் நிற்கின்றது? எத்தனை பொழுது நின்றது? அக்கேள்விக்கு விடை காண அவர்கள் கண்ட கருவி மிக வியப்பானது. ஒளி பட்டால் இளகும் நிலம் ஒன்றை ஆய்வுகூடத்திலே அவர்கள் சமைத்தார்கள். அதன் கதையைத் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் விளங்குமாறு சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலம் என்னும் சொல்

சொல்லிலிருந்து தொடங்குவது பண்டிதர் வழக்கம். தமிழகத்தார் 'செல்' என்றும் 'உயிரணு' என்றும் வழங்குவதை, இலங்கையிலே நம் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. 1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கைத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியினால் நோக்கி, அதிற் கண்ட வெற்றறைகளுக்குச் 'சிற்றறை' என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். நம்மவர் அதனைக் கலம் என்று பெயர்த்தனர். கலம் என்பது பாத்திரம். மரக்கலமும் அணிகலமும் அச்சொல்லாற் குறிக்கப்படும். அழகிய சொல்லே. ஆயினும் அச்சொல் ஒரு மயக்கத்தையும் உடன் கொண்டு வருகின்றது. பாத்திரமானது தன்னுள் ஊற்றியதை ஏற்றுக்கொண்டு வாளா இருப்பது. அதனை மெத்தையில் வைத்தாலும் கல்லில் வைத்தாலும் பாத்திரத்துக்கு ஒன்றே.

உயிர்க்கலம் அத்தகையதன்று. அது தான் நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கின்றது. பற்றி இழுத்துப் பார்க்கின்றது. அந்த இடம் வன்மையுடையதோ மென்மையுடையதோ என்று அறிந்து, அதற்கேற்பத் தன் வடிவையும் தொழிலையும் மாற்றிக்கொள்கின்றது. நெடுங்காலம் உயிரியலார் கலத்துக்கு வரும் செய்திகள் யாவும் இரசாயனப் பொருள்களின் வழியே வருவன என்று எண்ணினர். ஊட்டமும் ஓமோனும் மருந்துமே செய்தி. நிலம் வெறும் நிலம். அவ்வெண்ணம் கடந்த முப்பது ஆண்டுகளில் மாறிற்று.

முப்புரி

உடலுக்குள்ளே கலம் நிற்கும் நிலம் யாது? கலங்களுக்கு இடையே நார்ப்பொருள்களால் நெய்யப்பட்ட ஒரு வலை இருக்கின்றது. அந்நார்களுள் தலைமையானது கொலாஜன் என்னும் புரதம். தோலும் தசைநாணும் என்பும் அதனாலேயே உறுதி பெறுகின்றன. கொலாஜனின் உள்ளமைப்பைத் துலக்கிய பெருமை சென்னைக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராக இருந்த கோ. நா. இராமச்சந்திரனும் அவரோடு உழைத்த கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதை 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். கயிறு திரிப்பவர் 'முப்புரி' என்று சொல்வதை, அவர்கள் எக்ஸ் கதிரின் துணையால் உடலுக்குள்ளே கண்டார்கள். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் ஒன்று அந்த முப்புரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இந்த முப்புரி எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டுள்ளதோ, எவ்வளவு பின்னிப் பிணைக்கப்பட்டுள்ளதோ, அவ்வளவுக்கு நிலம் வன்மை பெறும். வன்மையை அளக்கப் பௌதிக மாணவர் 'யங்கின் மட்டு' என்னும் அளவைப் பயன்படுத்துவர். அதன் அலகு பாஸ்கல். மூளையின் வன்மை ஏறத்தாழ 1 கிலோபாஸ்கலும் அதற்குக் குறைவும். தசையின் வன்மை 10 கிலோபாஸ்கலை அடுத்து நிற்பது. என்பாக இறுகத் தொடங்கும் இழையத்தின் வன்மை 25 முதல் 40 கிலோபாஸ்கல் வரை. எழுத்துக்களுள் மெல்லினமும் இடையினமும் வல்லினமும் இருத்தல் போல, உடலுக்குள்ளும் மூவின நிலங்கள் உள்ளன என்று மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆய்வுகூடங்களில் வழக்கமாகக் கலங்களை வளர்க்கும் பிளாத்திக்குத் தட்டின் வன்மையோ ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல். தசையைப் போல மூன்று இலட்சம் மடங்கு. பல்லாண்டு காலம் அறிஞர்கள் பாறைமேல் நிறுத்திய கலத்தைப் பார்த்துவிட்டு, உடலுக்குள் இருக்கும் கலத்தைப் பற்றிப் பேசி வந்தார்கள்.

நிலம் இனத்தை விதித்தல்

எங்கள் கிளிவெட்டி வயல்களில் இறங்கி நடந்தவர்க்கு ஒன்று தெரியும். உழுது நீர் கட்டிய சேற்றில் நடப்பவன் காலை ஒரு வகையாக ஊன்றுவான். அறுவடைக்குப் பின் வெடித்துக் காய்ந்த தரையில் வேறு வகையாக ஊன்றுவான். வரம்பின்மேல் மற்றொரு வகை. அவன் கண்ணை மூடிக்கொண்டாலும் பாதம் நிலத்தை அறியும். அழுத்துகின்றபோது நிலம் எவ்வளவு எதிர்த்து நிற்கின்றது என்பதே பாதத்துக்குக் கிடைக்கும் செய்தி.

கலமும் இவ்வாறே அறிகின்றது. அதன் உள்ளே அக்தின் என்னும் புரத இழைகளும், அவற்றைப் பற்றி இழுக்கும் மயோசின் என்னும் புரதமும் உள்ளன. நம் தசையைச் சுருங்கச் செய்வனவும் இவ்வினத்துப் புரதங்களே. கலம் தன் வெளிப்புறத்துப் பற்றுக்களால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு, மயோசினால் இழுக்கின்றது. மென்னிலம் இழுப்புக்கு இசைந்து நெகிழும்; வன்னிலம் இசையாது எதிர்க்கும். அந்த எதிர்ப்பின் அளவே கலத்துக்கு நிலத்தின் இயல்பை உணர்த்துகின்றது.

1997ஆம் ஆண்டில் றொபேட் பெல்ஹம், யூ-லி வாங் என்னும் இருவர், வேண்டிய அளவுக்கு மென்மையாக்கிய ஒரு களிமேல் கலங்களை வளர்த்து, நிலத்தின் நெகிழ்ச்சிக்கேற்பக் கலத்தின் நடையும் பிடியும் வேறுபடுவதைக் காட்டினர். 2006இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நால்வர் அதனினும் பெரியதொன்றைக் காட்டினர். ஆதம் எங்லர், ஷாமிக் சென், லீ சுவீனி, டெனிஸ் டிஷர் என்போர் அவர்கள். நால்வருள் ஷாமிக் சென் பின்னர் மும்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராகிக் கலங்களின் பொறிமுறையை ஆராய்ந்து வருபவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டவை என்பு மச்சையிலிருந்து பெறும் குருத்துக் கலங்கள். தென்னங்குருத்து பின்னர் ஓலையாக விரிவதுபோல, இக்கலங்கள் பின்னர் வெவ்வேறு இழையங்களின் கலங்களாகத் திரியும் ஆற்றலுடையன. அவற்றுக்கு ஒரே ஊட்டத்தைக் கொடுத்து, நிலத்தின் வன்மையை மாத்திரம் வேறுபடுத்தினார்கள். மூளையின் மென்மையுடைய நிலத்தில் நின்றவை நரம்புக் கலத்தின் சாயலைக் காட்டின. தசையின் வன்மையுடைய நிலத்தில் நின்றவை தசைக் கலத்தின் சாயலைக் காட்டின. என்பாக இறுகும் நிலத்தின் வன்மையில் நின்றவை என்புக் கலத்தின் சாயலைப் பெற்றன. மயோசினின் தொழிலை ஒரு மருந்தினால் தடுத்தபோது, இந்த வேறுபாடு தோன்றாதொழிந்தது. இழுத்துப் பார்க்க இயலாத கலம் நிலத்தை அறிய இயலாததாயிற்று.

அந்த ஆராய்ச்சியில் ஒரு குறிப்பு உண்டு. முதற் கிழமையில், வேறு இரசாயனத் தூண்டலைக் கொடுத்துக் கலத்தின் போக்கை மாற்ற முடிந்தது. சில கிழமைகள் சென்றபின் முடியவில்லை. கலம் தன் நிலத்தின் இனத்தோடு ஒன்றிவிட்டது. நிலத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பொழுது இவ்வாறு தானாகவே வந்து நுழைந்தது.

ஒளியால் இளகும் களி

பொழுதை ஆராய்வதற்கு ஒரு தடை இருந்தது. மேலே சொன்ன களிகள் யாவும் ஒருமுறை சமைத்தால் சமைத்தபடியே இருப்பன. வன்னிலத்திற் சில நாள் நின்ற கலம், பின்னர் மென்னிலத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று அறிய வேண்டுமாயின், கலத்தை ஓரிடத்திலிருந்து உரித்தெடுத்து மற்றோரிடத்தில் விட வேண்டும். உரித்தெடுக்கும்போது அதன் பற்றுக்கள் யாவும் அறுகின்றன. பின்னர் அது காட்டும் மாற்றம் நிலத்தால் வந்ததோ, பிடுங்கிய நோவால் வந்ததோ என்று பிரித்தறிதல் அரிது. கலத்தைத் தொடாமல், அது நிற்கும்போதே நிலத்தை மாற்ற வேண்டும். அதற்குத் துணையானது ஒளி.

களி என்று யான் சொல்வது ஐதரோஜெல் என்னும் பொருளை. நீண்ட மூலக்கூறுகள் வலைபோற் பின்னிக்கொண்டு, தம் இடைவெளிகளில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் பொருளுக்கு அப்பெயர். நுங்கின் வழுவழுப்பும், மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் இல்லங்களில் நோன்புக் காலத்திற் காய்ச்சும் கடற்பாசியின் தளதளப்பும் இத்தகையனவே. பெரும்பகுதி நீர், ஆயினும் வழிந்தோடாது நிற்கும். உயிருக்கு இயைந்த செயற்கைக் களியொன்றை 1960இல் பிராகு நகரத்து ஒட்டோ விக்டர்லேயும் திரகோஸ்லாவ் லிம்மும் அறிவித்தனர். கண்ணில் ஒட்டி அணியும் மென்வில்லை அதிலிருந்தே பிறந்தது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்துண்டுகளைக் கொண்டே விக்டர்லே 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அவ்வில்லையை வார்க்கும் இயந்திரத்தைத் தம் வீட்டில் அமைத்தார் என்பது மாணவர் அறிய வேண்டிய செய்தி.

களியின் வன்மை, அதன் வலையில் எத்தனை முடிச்சுக்கள் உள்ளன என்பதைப் பொறுத்தது. முடிச்சு மிகுந்தால் இறுகும், குறைந்தால் இளகும். அமெரிக்காவிலே போல்டர் நகரத்தில் உள்ள கொலராடோப் பல்கலைக்கழகத்தில், கிறிஸ்டி அன்செத் என்னும் பேராசிரியையின் ஆய்வுகூடத்தார், ஒளி பட்டால் அறுந்துபோகும் முடிச்சுக்களை வலைக்குள் வைத்துக் களி சமைத்தார்கள். பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் தீங்கற்ற பொருள் அவ்வலையின் நூல். ஒளியை ஏற்று இரண்டாக முறியும் நைத்திரோபென்சைல் என்னும் கூட்டம் அதன் முடிச்சு. ஏப்பிரல் குளோக்சின் முதலியோர் 2009இல் 'சயன்ஸ்' இதழில் இதனை வெளியிட்டனர். 365 நனோமீற்றர் அலைநீளமுடைய கழியூதா ஒளியை, கலத்துக்கு ஊறு நேராத அளவில் மென்மையாகப் பாய்ச்சினால், முடிச்சுக்கள் ஒவ்வொன்றாக அறும். ஒளியின் அளவும் நேரமும் எவ்வளவோ, அவ்வளவு இளக்கம். மறைப்பொன்றை இடையில் வைத்தால், ஒளி பட்ட இடம் மென்னிலமாகவும் நிழல் பட்ட இடம் வன்னிலமாகவும் அடுத்தடுத்து அமையும். அவற்றின்மேல் நிற்கும் கலத்தை யாரும் தொடுவதில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கின்றது. நிலமொன்றே மாறுகின்றது.

வேறிடத்து அறிஞர் எதிர்த்திசையிலும் முயன்றனர். பென்சில்வேனியாவில் முறாத் குவெந்திறனும் ஜேசன் பேடிக்கும் 2012இல், ஒளியினாற் புதிய முடிச்சுக்களை இட்டு, கலம் நிற்கும் களியை 3 கிலோபாஸ்கலிலிருந்து 30 கிலோபாஸ்கல் வரை இறுகச் செய்தனர். 2019இல் யேர்மனியின் பிரைபேர்க் நகரத்தார், ஒளியை உணரும் பைற்றோகுரோம் என்னும் புரதத்தையே களியின் முடிச்சாக்கினர். செடி தன்மேல் விழுவது வெயிலோ நிழலோ என்று அறிவது இவ்வினப் புரதத்தாலேயே. அக்களி செவ்வொளியில் இறுகும், அதனினும் நீண்ட அலைநீளமுடைய தொலைச்செவ்வொளியில் இளகும், மீண்டும் இறுகும். நிலம் இப்போது கையிலுள்ள விளக்கின் சொற்படி நடக்கின்றது.

பாலை மீளுமோ?

இக்கருவியைக் கொண்டு அறிந்தது யாது? 2014இல் சுன் யாங், மார்க் டிபிற், லீனா பாஸ்டா, கிறிஸ்டி அன்செத் ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. கலத்துக்கு ஞாபகம் உண்டோ என்பது அவர்கள் கேள்வி.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு செய்தி வேண்டும். கலத்தினுள்ளே 'யாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதம் ஒன்று உண்டு. தமிழிலக்கணத்து யாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக் கோவை. மென்னிலத்தில் இப்புரதம் கலத்தின் கருவுக்குப் புறத்தே தங்கும். வன்னிலத்திற் கருவினுள்ளே புகுந்து, இன்னின்ன பரம்பரையலகுகள் தொழிற்படுக என்று ஏவும். பாதுவா நகரத்து ஸ்தெபானோ பிக்கோலோவின் ஆய்வுகூடத்தார் 2011இல் இதனைக் கண்டறிந்தனர். ஆகவே யாப் எங்கே இருக்கின்றது என்று பார்த்தால், கலம் தன் நிலத்தை எவ்வாறு உணர்கின்றது என்று படிக்கலாம்.

போல்டர் அறிஞர் மனிதக் குருத்துக் கலங்களை 10 கிலோபாஸ்கல் வன்மையுடைய ஒளிக்களியில் நிறுத்தினர். யாப் கருவுக்குள் புகுந்தது. பின்னர் ஒளி பாய்ச்சி, அக்களியை 2 கிலோபாஸ்கலாக இளக்கினர். வன்னிலத்தில் நின்ற நாட்கள் குறைவாயின், யாப் கருவைவிட்டு வெளியே வந்தது. கலம் பழைய இயல்புக்கு மீண்டது. ஒரு கிழமையளவும் இவ்வாறு மீட்சி இருந்தது. வன்னிலத்தில் நின்ற காலம் பத்து நாள் அளவுக்கு நீண்டபோது நிகழ்ந்தது வேறு. நிலம் இளகிற்று, ஆனால் யாப் கருவுக்குள்ளேயே இருந்தது. கலம் மென்னிலத்தில் நின்றுகொண்டே வன்னிலத்தில் நிற்பது போல் நடந்துகொண்டது. என்பின் திசையையே நோக்கிற்று. முந்திய நிலத்தின் நினைவு இந்நிலத்தின் உணர்வை மூடிவிட்டது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் பொறிமுறை ஞாபகம்.

இதனை வாசித்தபோது பாலைத் திணை நினைவுக்கு வந்தது. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்தபோது பாலையாகும் என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் இளங்கோவடிகள் காட்டுகின்றார். பாலை என்பது ஒரு நிலத்தின் பெயரன்று. ஒரு நிலம் நெடும்பொழுது வெம்மையில் நின்றதன் பெயர். மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும் என்றே நாம் கற்பித்து வந்தோம். எத்தனை வேனில் கழிந்தபின்னும் மீளுமோ என்று நாம் கேட்டதில்லை. கலத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு இப்போது நாட்கணக்கில் ஒரு விடை கிடைத்துள்ளது. வன்மைக்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவுக்குள் மீட்சி உண்டு. அதைக் கடந்தால் நிலம் இளகினாலும் கலம் இளகுவதில்லை.

நோயும் வன்மையும்

இது வெறும் வேடிக்கையன்று. உடலில் ஒரு புண் ஆறும்போது, அங்கே வந்து சேரும் கலங்கள் கொலாஜனைச் சுரந்து தழும்பு கட்டுகின்றன. தழும்பு வன்மையுடையது. அவ்வன்மையை உணர்ந்த கலங்கள் மேலும் கொலாஜனைச் சுரக்கின்றன. நிலம் மேலும் இறுகுகின்றது. ஆறிய புண்ணில் இச்சுழல் ஓரிடத்தில் நின்றுவிடும். நில்லாது ஓடினால் ஈரலும் நுரையீரலும் சிறுநீரகமும் தழும்பாகவே மாறும். போல்டர் ஆய்வுகூடத்தார் 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி இதனைத் தொட்டது. பன்றியின் இதய வாயிற் கலங்களை வன்மையான ஒளிக்களியில் வைத்தபோது, அவை தழும்பு கட்டும் கலங்களாக மாறின. களியை 32 கிலோபாஸ்கலிலிருந்து 7 கிலோபாஸ்கலாக இளக்கியபோது, அத்தொழிலை விட்டு அடங்கின. தழும்புக் கலம் என்றும் தழும்புக் கலமே என்று கருதியிருந்தவர்க்கு அது நற்செய்தி.

நம் நாட்டுக்கு இச்செய்தி அயலானதன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவர் பலரை வருத்தி வரும் நாட்பட்ட சிறுநீரக நோய், நம் திருகோணமலை மாவட்டத்துப் பதவிசிறிபுரப் பகுதியிலும் காணப்படுகின்றது. அந்நோயின் மூலகாரணம் பற்றி அறிஞரிடையே வாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் நோயுற்ற சிறுநீரகத்தினுள்ளே காணப்படுவது யாது என்பதில் ஐயமில்லை. குழாய்களின் இடையே தழும்பு படர்ந்து, மென்னிலம் வன்னிலமாகி வருகின்றது. பலர்க்கு நோய் தெரிய வருவது நிலம் பெரும்பாலும் இறுகிய பின்னரே. ஒளிக்களி இந்நோய்க்கு மருந்தன்று. எவரையும் அது இன்னும் குணப்படுத்தியதில்லை. எந்தக் கட்டம் வரை கலம் மீளும், எந்தக் கட்டத்துக்குப் பின் மீளாது என்று கேட்பதற்கு உரிய கருவி அது. அக்கேள்விக்கு விடை தெரிந்தால், மருத்துவர் எப்போது விரைய வேண்டும் என்பது தெரியும்.

நிலத்தின் வன்மையே அன்றிக் கலத்தின் சொந்த வன்மையும் நோய்க்கு ஏதுவாகும். மலேரியாக் கிருமி புகுந்த செங்குழியம் தன் நெகிழ்ச்சியை இழந்து விறைக்கின்றது. நுண்குழாய்களினூடே நெளிந்து செல்ல வேண்டிய அது, செல்லமாட்டாது தடைப்படுகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இற் பட்டம் பெற்று, பின்னர் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராக விளங்கிய சுப்ரா சுரேஷ், ஒளிக்கற்றையையே இடுக்கியாகக் கொண்டு செங்குழியத்தை இழுத்து, அவ்விறைப்பைத் தம் குழுவினரோடு அளந்து 2005இல் வெளியிட்டார். 1934–35இல் இலங்கையிற் பல்லாயிரவரை மாய்த்த அந்நோயிலிருந்து நாடு விடுபட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிற் சான்று வழங்கிற்று. வென்ற பகையின் தந்திரத்தையும் நாம் கற்றுவைத்தல் நன்று.

உவமையும் அளவையும்

இக்கதையை எங்கள் உயர்தர வகுப்பிற் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மனிசருக்கும் இப்பிடித்தானோ?" என்று கேட்டாள். கிளிவெட்டியில் அக்கேள்வி இலேசாக எழுவதன்று. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுட் பலர், எங்கள் ஊர் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். கூடாரத்திற் பிறந்து, கூடாரத்திலே எழுத்தறிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவள் எதனை எண்ணிக் கேட்டாள் என்பது வகுப்பிலிருந்த யாவர்க்கும் விளங்கிற்று.

யான் அவளுக்குச் சொன்ன விடை இது. மணிமேகலையில் அறவண அடிகள் கொள்ளும் அளவைகள் இரண்டே: காட்சியும் கருத்தும். உவமம் அங்கே தனியளவையாக நிற்பதில்லை. உவமை நம் உள்ளத்தில் ஒரு பொருளை விளக்கும். அது தானாக எதனையும் நிறுவாது. கலம் பத்து நாளில் மீளாதாயிற்று என்பது காட்சி. ஆகவே பத்தாண்டு துன்புற்ற பிள்ளை மீளமாட்டாள் என்பது உவமையை அளவையாகக் கொள்ளும் வழு. கலத்துக்கு மொழியில்லை, தான் நின்ற நிலத்தை நினைத்துப் பாட்டெழுத அதனால் முடியாது. கூடாரத்திற் கற்ற பிள்ளைகளுட் சிலர் இன்று ஆசிரியர்களாக இருப்பதை யான் கண்ணாற் காண்கின்றேன்; அதுவும் காட்சியே. மனித மனத்துக்குப் பத்தாம் நாள் ஒன்று உண்டு என்று எவரும் நிறுவவில்லை. நிறுவப்படாததை விதியென்று பிள்ளைகளின் தலையில் எழுதிவிடல் ஆகாது.

உவமை என்று ஒதுக்கியபின்னும் அதிலிருந்து பெறத்தக்கது ஒன்று எஞ்சுகின்றது. நிலத்தை மாற்ற முடியும் என்று அறிந்தவர், மாற்றுவதற்குப் பொழுதும் உண்டு என்று அறிதல் வேண்டும். ஒளி பாய்ச்சியவர்கள் கலத்தைக் கடிந்துகொள்ளவில்லை. 'நீ ஏன் இறுகினாய்' என்று கேட்கவில்லை. அது நின்ற நிலத்தை இளக்கினார்கள். எத்தனை நாளுக்குள் இளக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரக நோயை ஆராய்பவர்க்கும், வகுப்பிற் பின்வரிசையில் இறுகிய முகத்தோடு இருக்கும் பிள்ளையைக் காணும் ஆசிரியர்க்கும் அந்த ஒழுங்கு நன்று.

இனி, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விஞ்ஞானப் பிரிவில் உள்ள நம் மாணவர்கள் இத்தகைய பொருள்களை ஆங்கிலத்தில் மாத்திரமே கேட்டுப் பழகுகின்றனர். கலைப்பிரிவில் உள்ளவர்கள் கேட்பதே இல்லை. கலம், களி, நிலம், பொழுது, முப்புரி, வன்மை, மென்மை என்னும் பழஞ்சொற்களால் இதனைச் சொல்ல முடிகின்றது. தமிழாசிரியரும் உயிரியலாசிரியரும் ஒரு பாடவேளை ஒரே வகுப்பில் அமர்ந்து, முதற்பொருளையும் யங்கின் மட்டையும் அடுத்தடுத்துக் கற்பிப்பாராயின் இரு பாடமும் துலங்கும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு கிண்ணம் கடற்பாசியும் ஒரு நுங்கும் போதும். மாணவர் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். எது எவ்வளவு எதிர்க்கின்றது என்று தமக்குள் உரையாடட்டும். கலம் தன் வாழ்நாள் முழுவதும் செய்து வரும் ஆராய்ச்சியை அவர்களும் அன்று தொடங்கியவராவர்.